ஏழு பேருக்கு ஒரு ரெப்போ: எங்கே வைப்பது, யார் பெயரில் வைப்பது?

கேள்வி இது. சென்னைப் பெருங்குடியில் ஏழு பேர் கொண்ட சின்ன டீம். புரோகிராம் கோடு முழுக்க ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒரு பொது ஃபோல்டரில் கிடக்கிறது. அவசரம் என்றால் ஜிப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். போன வாரம் ஒருவர் செய்திருந்த திருத்தத்தின் மேல் இன்னொருவர் பழைய ஃபைலைப் போட்டுவிட்டார். கிளையன்ட்டுக்கு டெமோ காட்டும்போதுதான் அது தெரிந்திருக்கிறது. இனிமேல் கிட் (கோடில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) என்று முடிவாகிவிட்டது. கோடும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்து இருக்கும் இடம்தான் ரெப்போ. ஆபீஸில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பில் நாமே சர்வர் போடலாமா, ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொடுக்கும் கிட்ஹப்பிலேயே வைக்கலாமா, முதலில் என்ன செய்வது?

கிளையன்ட்டோடு போட்ட ஒப்பந்தம் தடுக்கவில்லை என்றால் கிட்ஹப்பில் வையுங்கள். நிறுவனத்தின் பெயரில் ஒரு ஆர்கனைசேஷன் (பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணக்கு) திறந்து அதற்குள் வையுங்கள். டெஸ்க்டாப் பேக்கப்புக்கு ஆகும். ரெப்போவை அமைப்பது அரை மணி நேர வேலைதான். அது யார் பெயரில் இருக்கிறது, அதில் எதை யார் அழிக்கலாம் என்ற இரண்டையும் முதல் நாளே பேசி முடிக்காத டீம்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கின்றன. அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

வீடு வாங்கும்போது டைல்ஸ் என்ன நிறம் என்று பார்ப்பதற்கு முன்னால் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்போம் இல்லையா, அதே கதை. பத்து வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் சீனியர் டெவலப்பர் ஒருவர் நல்லெண்ணத்தில் தன் சொந்த அக்கவுண்ட்டில் ரெப்போ திறந்து எல்லாரையும் அதில் சேர்த்தார். இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் ரிசைன் செய்து, நோட்டீஸ் பீரியட் முடிந்து வெளிநாடு போன பிறகு புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கும் உரிமை எங்கள் யாரிடமும் இல்லை. நேர வித்தியாசம் பார்த்து, நடு ராத்திரியில் அவரை எழுப்பி, 'சார், ஒரு சின்ன உதவி' என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அவர் நல்ல மனிதர், மாற்றிக் கொடுத்தார். கோபித்துக்கொண்டு போனவராக இருந்திருந்தால்?

ஆகவே ஆர்கனைசேஷனை நிறுவனத்தின் பொது மின்னஞ்சலில் திறந்து, ஓனர் என்று இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் போதாது. ஏழு பேரையும் ஓனர் ஆக்குவதும் வேண்டாம். இரண்டு பேருக்கும் டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோடு போன் வழியாகவும் உறுதி செய்வது) கட்டாயம். அதற்கான ரெக்கவரி கோடுகளைப் பிரின்ட் எடுத்து ஆபீஸ் பீரோவில் வையுங்கள். போன் தொலைந்த அன்றைக்கு அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

இனி இலவசத் திட்டங்கள். கிட்ஹப் 2020 ஏப்ரலிலிருந்து தனியார் ரெப்போக்களுக்கும் ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லாமல் இலவசமாகக் கொடுக்கிறது. அதே வகைச் சேவைகளான கிட்லேப், பிட்பக்கெட் இரண்டின் இலவசத் திட்டமும் தனியார் குழுவுக்கு ஐந்து பேரோடு நின்றுவிடும். நீங்கள் ஏழு பேர். ஆனால் கிட்ஹப் இலவசத்திலும் ஒரு கொக்கி இருக்கிறது. தனியார் ரெப்போவில் ஒரு பிராஞ்சை (கோடின் ஒரு கிளையை) யாரும் நேரடியாக மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி இலவசத்தில் கிடைக்காது, அதற்குக் கட்டணத் திட்டம் வேண்டும். 2020-ல் அந்தத் திட்டத்தை ஒருவருக்கு மாதம் 4 டாலராகக் குறைத்தார்கள். இப்போதைய விலையை அவர்கள் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு பேருக்கு அது டீம் லஞ்ச் ஒன்றின் செலவுகூட வராது. வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று கீழே வருகிறது.

டெஸ்க்டாப் ஆசையை நான் கேலி செய்யவில்லை, எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் நம் ஊரில் ஆபீஸ் மூலையில் இருக்கும் மெஷின் என்றால் யூபிஎஸ் பேட்டரி, ஹவுஸ்கீப்பிங் அக்கா பிடுங்கும் ப்ளக், ஏசி தண்ணீர், டிசம்பர் மழை என்று எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் என்ன ஆனது என்று பெருங்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் முதல் மாடியில் இருந்து தப்பித்தாலும், கரன்ட் இல்லாமல் நான்கு நாள் ரெப்போ கிடைக்கவில்லை என்றால் வீட்டிலிருந்து வேலை செய்பவரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

இருந்தாலும் சில கிளையன்ட்டுகள் கோடு வெளியே போகக் கூடாது என்று எழுதி வாங்கிவிடுவார்கள். அப்படியென்றால் சொந்த சர்வர்தான் வழி. இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கட்டளைகளை நாம் ஆபீஸில் வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். கிட்டில் 'மைய சர்வர்' என்று தனியாக ஒன்று கிடையாது. லினக்ஸ் கெர்னல் ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி போனதும், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆட்களுக்காக எழுதியது அது. ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறும் இருக்கும், எல்லாப் பிரதியும் சமம். இதில் ஒன்றை 'இதுதான் நம் பொது ரெப்போ' என்று டீம் ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். எஸ்விஎன் என்ற இதே வேலை செய்யும் பழைய மென்பொருளில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் குழப்பும். அதில் சர்வர்தான் எல்லாம், கமிட் (ஒரு மாற்றத்தைப் பதிவு செய்வது) என்றாலே சர்வருக்குப் போய்விடும். கிட்டில் கமிட் உங்கள் லேப்டாப்பில்தான் இருக்கும், புஷ் செய்தால்தான், அதாவது பொது ரெப்போவுக்கு அனுப்பினால்தான், மற்றவருக்குத் தெரியும். சாயங்காலம் கமிட் மட்டும் போட்டுவிட்டு 'கோடு ஏத்திட்டேன்' என்று கிளம்பிப் போகிறவர் எல்லா டீமிலும் ஒருவராவது இருப்பார்.

பொதுவாக வைக்கும் அந்தப் பிரதி 'பேர்' ரெப்போவாக இருக்க வேண்டும். அதாவது உள்ளே வரலாறு மட்டும் இருக்கும், திறந்து எடிட் செய்யும் ஃபைல்கள் இருக்காது. சாதாரண ரெப்போவில் யாரோ ஒரு பிராஞ்சைத் திறந்து வைத்திருக்கும்போது அதே பிராஞ்சுக்கு நீங்கள் புஷ் செய்தால், அவர் கண் முன்னால் இருக்கும் ஃபைலுக்கும் வரலாற்றுக்கும் பொருத்தம் போய்விடும். அதனால் கிட் தானே அதை மறுத்துவிடும். அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்ததும் செட்டிங்கை மாற்றி வலுக்கட்டாயமாக ஏற்ற வழி தேடாதீர்கள். 'கிட் இனிட்' கொடுக்கும்போதே கூடவே 'பேர்' ஆப்ஷனைக் கொடுங்கள், முடிந்தது.

அடுத்து பர்மிஷன். ஏழு பேருக்கும் சர்வரில் தனித்தனி லாகின் கொடுத்து, ஒரு குரூப்பில் சேர்த்து, ஒரே டைரக்டரியில் எழுதவிடுவது ஒரு முறை. இதில் வரும் தொல்லை விசித்திரமானது. கிட் தான் சேமிக்கும் ஒவ்வொரு பொருளையும் அதன் ஹேஷின் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியின்) முதல் இரண்டு எழுத்தைப் பெயராகக் கொண்ட டைரக்டரியில் போடும். அப்படி 256 டைரக்டரி வரலாம். ஒரு டைரக்டரியை யார் முதலில் உருவாக்கினாரோ அவருடைய பர்மிஷனில் அது பிறக்கும். புஷ் தோற்றதும் யாராவது ரூட்டில் (முழு அதிகாரமுள்ள கணக்கில்) போய் மொத்தத்துக்கும் எழுதும் உரிமை கொடுப்பார்கள். அன்றைக்குச் சரியாகிவிடும். அதற்குப் பிறகு பிறக்கும் டைரக்டரிகள் மறுபடியும் தனியாள் சொத்தாகப் பிறக்கும். உங்கள் புதுப் பொருள் எந்த டைரக்டரியில் விழுகிறது என்பதைப் பொறுத்து, செவ்வாய்க்கிழமை போன புஷ் புதன்கிழமை போகாது. இந்தப் பேயை விரட்ட நாங்கள் ஒரு வாரம் செலவழித்தோம். மருந்து ஒரே வரிதான்: ரெப்போ உருவாக்கும்போதே 'பேர்' கூட 'ஷேர்ட்' என்பதை குரூப் என்று கொடுத்துவிடுங்கள். டைரக்டரிக்கு செட்ஜிஐடி பிட்டும் சேர்ந்துவிடும், இனிமேல் பிறப்பதெல்லாம் குரூப்பின் சொத்தாகப் பிறக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. 'ஷேர்ட்' ரெப்போவில், முன்னால் இருக்கும் வரலாற்றை மிதித்து எழுதும் ஃபோர்ஸ் புஷ்ஷுக்கும் தானாகவே தடை விழுகிறது.

எனக்குப் பிடித்தது இரண்டாவது முறை. 'கிட்' என்று ஒரே ஒரு யூசர், ஏழு பேரின் எஸ்எஸ்எச் பப்ளிக் கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஆளை அடையாளம் காண உதவும் சாவி) அவன் கணக்கில். எல்லா ஃபைலும் ஒருவனுக்கே சொந்தம் என்பதால் பர்மிஷன் சண்டையே கிடையாது. அந்த யூசரின் ஷெல்லை (கட்டளைகளை வாங்கும் நிரலை) 'கிட் ஷெல்' என்று மாற்றிவிட்டால் புஷ், புல் (மற்றவர் ஏற்றியதை இறக்கிக்கொள்வது) தவிர சர்வரில் வேறு எதுவும் செய்ய முடியாது. இதில் ஒரு குறை: யார் புஷ் செய்தார் என்று சர்வருக்குத் தெரியாது. கமிட்டில் வரும் பெயர் அவரவர் தன் மெஷினில் எழுதிக்கொண்டது, அதை யாரும் சரிபார்ப்பதில்லை. நான் உங்கள் பெயரை எழுதி வைத்தாலும் கிட் நம்பிவிடும்.

அந்தக் குறைக்குத்தான் கிட்டோலைட் என்ற மென்பொருள். சீதாராம் சமர்த்தி என்ற நம் நாட்டுக்காரர் எழுதியது, சின்னது, கனமில்லாதது. எந்தக் கீ யாருடையது என்று அதற்குத் தெரியும், பிராஞ்ச் வாரியாக அனுமதி கொடுக்கும், யார் எப்போது என்ன ஏற்றினார் என்று லாக் வைக்கும். அதன் அனுமதிப் பட்டியலே ஒரு கிட் ரெப்போ என்பது எனக்குப் பிடித்த விஷயம். அதில் 'ஆர்டபிள்யூ' என்றால் படிக்கலாம், எழுதலாம். பக்கத்தில் ஒரு ப்ளஸ் போட்டால் பழையதை அழித்தும் எழுதலாம். அந்த ஒரு ப்ளஸ் குறியை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் டீமின் அரசியல். பிரவுசரில் பார்த்து ரிவியூ செய்ய வேண்டும் என்றால் சொந்த மெஷினில் கிட்ஹப் போல ஓடும் கிட்டீ போடுங்கள். பழைய டெஸ்க்டாப்பிலும் ஓடும். கிட்லேப்பைச் சொந்தமாக நிறுவலாம், ஆனால் ரேம் நிறைய சாப்பிடும். ஏழு பேருக்கு அது கல்யாண மண்டபம் பிடித்துப் பிறந்தநாள் கொண்டாடுவது போல.

சொந்த சர்வர் என்றால் இன்னொரு செட்டிங். பேர் ரெப்போவில் ரெஃப்லாக் (ஒவ்வொரு பிராஞ்சும் முன்பு எந்தக் கமிட்டில் இருந்தது என்ற குறிப்பு) இயல்பாக அணைந்திருக்கும். உங்கள் லேப்டாப்பில் தப்பு நடந்தால் ரெஃப்லாக் பார்த்து மீட்டுவிடலாம், சர்வரில் அந்த வசதி இல்லை என்பது ஆபத்து வந்த பிறகுதான் தெரியும். 'கோர் லாக் ஆல் ரெஃப் அப்டேட்ஸ்' என்பதை ட்ரூ என்று வைத்துவிடுங்கள். புது ரெப்போவை க்ளோன் செய்தால் (முழுப் பிரதி எடுத்தால்) காலியாக வருகிறது என்று யாராவது சொன்னால், சர்வரின் ஹெட் (முதலில் திறக்க வேண்டிய பிராஞ்சைக் காட்டும் குறி) 'மாஸ்டர்' என்று காட்டிக்கொண்டிருக்க, நீங்கள் 'மெயின்' பிராஞ்சை ஏற்றியிருப்பீர்கள். ஹெட்டைத் திருப்பினால் சரி.

கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ ரெப்போ ஃபோல்டரை அப்படியே ஷேர் செய்யலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வேண்டாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் சிங்க் செய்யும் ஆப் கிட்டின் உள் ஃபைல்களுக்கே 'கான்ஃப்ளிக்ட் காப்பி' போட்டு வைக்கும், ரெப்போ கெட்டுவிடும்.

சரி, இடம் முடிவாயிற்று. இப்போது அந்தப் பொது ஃபோல்டரை அப்படியே அள்ளி முதல் கமிட்டாகப் போட்டுவிடாதீர்கள். அரை நாள் உட்கார்ந்து துப்புரவு செய்யுங்கள். பில்ட் ஆகி வரும் ஃபைல்கள், நோட் மாட்யூல்ஸ் (வெளியிலிருந்து இறக்கிய துணைக் கோடு), டேட்டாபேஸ் டம்ப், யாரோ போட்ட ஆஃபர் லெட்டர் பிடிஎஃப் எல்லாம் வெளியே போக வேண்டும். எதையெல்லாம் சேர்க்கக் கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்இக்னோர் ஃபைல் முதல் கமிட்டுக்கு முன்னால் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட ஃபைலை அது கண்டுகொள்ளாது. கிட்ஹப் 100 எம்பிக்கு மேல் போகும் ஃபைலை ஏற்றுக்கொள்ளாது. அந்த ஃபைலை அடுத்த கமிட்டில் டெலீட் செய்தாலும் புஷ் போகாது, வரலாற்றில் அது உட்கார்ந்திருக்கும்.

பாஸ்வேர்டும் அப்படியே. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், பேமென்ட் கேட்வே கீ, ஏடபிள்யூஎஸ் கீ எல்லாம் உங்கள் பழைய கோடில் நிச்சயம் எங்காவது இருக்கும். தேடி எடுத்து, ரகசியங்களுக்கென்றே தனியாக வைக்கும் என்வ் ஃபைலுக்கு மாற்றி, அதை இக்னோரில் போடுங்கள். தப்பித் தவறி ஏறிவிட்டால் முதல் வேலை அந்தக் கீயை ரத்து செய்து புதிது வாங்குவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். ஏழு பேர் க்ளோன் செய்திருந்தால் ஏழு லேப்டாப்பில் அது இருக்கிறது.

உங்களில் சிலர் விண்டோஸ், சிலர் உபுண்டு என்றால் வரி முடிவுச் சண்டை வரும், வரி முடிவதை இரண்டும் வேறு வேறு குறியால் எழுதுகின்றன. ஒரு வரி மாற்றியவரின் டிஃப்பில் (என்ன மாறியது என்று காட்டும் பட்டியலில்) ஆயிரம் வரியும் சிவப்பாகத் தெரியும். கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில் எல்லாவற்றுக்கும் 'டெக்ஸ்ட்' என்பதை 'ஆட்டோ' என்று ஒரு வரி எழுதி அதையும் முதல் கமிட்டிலேயே சேருங்கள். தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள் இருந்தால் கிட் ஸ்டேட்டஸில் \340\256 என்று எண்களாக வந்து பயமுறுத்தும். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'கோர் கோட்பாத்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழிலேயே தெரியும். கமிட் மெசேஜையும் தமிழில் எழுதலாம், தாராளமாக வேலை செய்யும்.

விதிகளைக் குறைவாக வையுங்கள். மெயின் பிராஞ்சில் யாரும் நேரடியாகப் புஷ் செய்யக் கூடாது, டீம் லீட் உட்பட. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிராஞ்ச், புல் ரிக்வெஸ்ட் (இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை), வேறு ஒருவர் பார்த்து சரி என்றால் மெர்ஜ் (மெயினோடு இணைப்பது). மாதம் 4 டாலர் கொடுக்கச் சொன்னது இந்தப் பூட்டுக்காகத்தான். வாய்மொழி விதி ரிலீஸ் ராத்திரி பதினொரு மணிக்கு நிற்காது, பூட்டு நிற்கும். பிராஞ்சின் ஆயுள் இரண்டு மூன்று நாளைத் தாண்டாமல் பாருங்கள். மூன்று வாரம் தனியாக வளர்ந்த பிராஞ்சை மெர்ஜ் செய்வது, பிரிந்துபோன பங்காளிகளைப் பூர்வீக வீட்டில் ஒன்றாக உட்கார வைப்பது போல.

டெவலப், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று ஐந்து வகைப் பிராஞ்ச் வைக்கும் கிட் ஃப்ளோ படத்தை யாராவது பவர்பாயிண்டில் காட்டுவார்கள். 2010-ல் அதை எழுதிய வின்சென்ட் டிரீசன் அவர்களே, தொடர்ந்து டிப்ளாய் செய்யும் வெப் டீம்கள் இதைவிட எளிய முறைக்குப் போகலாம் என்று 2020-ல் அதே கட்டுரையில் குறிப்பு சேர்த்துவிட்டார். ஏழு பேருக்கு மெயின் ஒன்று போதும்.

கமிட் மெசேஜில் 'அப்டேட்', 'ஃபிக்ஸ்', 'ஃபைனல்' என்று எழுதுவதை மட்டும் ரிவியூவில் திருப்பி அனுப்புங்கள். பிளாட் வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்று பார்க்கிறோம். கிட் லாகும் அதேதான். ஜிஎஸ்டி கணக்கில் ஏன் இந்த ரவுண்டிங் என்று இரண்டு வருடம் கழித்து ஒருவர் தேடும்போது 'ஃபிக்ஸ்' என்ற ஒற்றைச் சொல் கிடைத்தால் அவர் யாரைத் திட்டுவார்? பெரும்பாலும் அது அவரே எழுதியதாக இருக்கும்.

கடைசியாக பேக்கப். 'எல்லார் லேப்டாப்பிலும் க்ளோன் இருக்கே' என்பார்கள். இருக்கிறது, அவரவர் கடைசியாகப் புல் செய்த நாள் வரைக்கும் மட்டும். இஷ்யூ (பிழை, வேலைக் குறிப்புகள்), ரிவியூ விவாதம் எதுவும் அதில் வராது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப்பின் சொந்த சேவையில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புகளைத் தேடிப் போனால் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. சுமார் ஆறு மணி நேர டேட்டா போனது. கோடு ரெப்போக்கள் தப்பின, போனவை இஷ்யூக்களும் மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுகளும்தான். அந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கே அப்படி. உங்கள் டெஸ்க்டாப்புக்கு வேலை இங்கேதான்: 'கிட் க்ளோன் மிரர்' என்று ஒருமுறை எடுத்து, ராத்திரிதோறும் கிரானில் (குறித்த நேரத்தில் தானாகக் கட்டளை ஓட்டும் வசதி) 'ரிமோட் அப்டேட்' ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து வேறு மெஷினில் க்ளோன் செய்து பில்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த வேலையை டீமில் கடைசியாகச் சேர்ந்த ஃபிரெஷரிடம் கொடுங்கள், புராஜெக்ட்டை அவர் அதில்தான் கற்றுக்கொள்வார்.

நடைமுறைக்கு: வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் தங்கள் கடைசித் திருத்தத்தைப் பொது ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை ஒருவர் உட்கார்ந்து துப்புரவு, முதல் கமிட், பூட்டு எல்லாம் முடிக்கட்டும். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் பாஸ்வேர்டில் புஷ்ஷை ஏற்பதில்லை, அதனால் எஸ்எஸ்எச் கீ போடும் வேலையைத் திங்கட்கிழமை காலை ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்து செய்யுங்கள், ஒரு மணி நேரம் ஆகும். அன்றைக்கே ஒவ்வொருவரும் ரீட்மீ ஃபைலில் தன் பெயரைச் சேர்த்து ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பட்டும். எல்லாரும் அதே வரியைத் தொடுவதால் கான்ஃப்ளிக்ட் (இருவர் மாற்றம் ஒன்றோடொன்று மோதுவது) கட்டாயம் வரும். ரீட்மீயிலேயே அதைத் தீர்க்கப் பழகட்டும், பில்லிங் கோடில் முதன்முதலாகப் பார்ப்பதைவிட மேல்.

அந்தப் பழைய பொது ஃபோல்டரை அழிக்க வேண்டாம். ரீட் ஒன்லி ஆக்கிவிட்டு, பெயரை மட்டும் 'பழசு, தொடாதே' என்று மாற்றுங்கள். திங்கட்கிழமை மதியத்துக்குள் ஒருவராவது அதில் சேவ் ஆகவில்லை என்று வந்து நிற்பார்.